தொண்ணூறு மில்லி

கடியபட்டணம், குருசடிக்குப் பின்னால், நீலக் கதவு,
காலை ஐந்திலிருந்து ஆறு.
நாளுக்கு ஒரு மணி நேரம் எங்கே இருப்பாள் என்று
வருடம் முழுக்க அவள் எழுதித் தந்தாக வேண்டும்.
மூன்று தடவை ஆளில்லை என்றால் தடை.

மூன்று நீலக் கதவுகள் இருந்தன.
இரண்டாவதில் நாய்.
மூன்றாவதில் பிரெக்சிலின், வாயில் பற்பசை நுரையோடு,
என் அடையாள அட்டையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.
"இப்பந்தான் போச்சு எக்கா.
பத்து நிமிசம் முந்தி வந்திருந்தா முழுசும் தந்திருப்பேன்."

சண்டைக்கு ஐந்து நாள்.
ஐம்பத்து மூன்றரைக் கிலோவுக்கு இன்னும் எண்ணூறு கிராம் இறங்க வேண்டும்.
பிளாஸ்டிக் கோட்டைப் போட்டு மணலில் ஓடி, ஓடி,
எச்சிலைக்கூடத் துப்பி எடை குறைத்த உடம்பிடம்
நான் வந்து தண்ணீர் கேட்கிறேன்.
அவள் ஒரு மிடறு குடித்தாள்,
வட்டிக்கு வாங்கியதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு.

என் கண்ணை விட்டு அவள் அகலக் கூடாது.
அவள் மாவாட்டும் இடத்துக்குப் போனாலும் நான்,
கோழியைத் திறந்துவிடப் போனாலும் நான்.
அவள் அம்மா கில்டா சாயை கொண்டு வந்தாள். வாங்கக் கூடாது என்றேன்.
"ஒரு சாயை குடிச்சா எம் பிள்ள தோத்துருவாளா?"
டம்ளரை என் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.
ஆடை படியும் வரை அது அங்கேயே இருந்தது.

ஏழே காலுக்கு முதல் முறை.
ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அரைச் சுவர், ஆணியில் கிழிந்த வலை.
சட்டை மார்புக்கு மேலே,
கை முட்டுக்கு மேலே,
கால்சட்டை முழங்காலுக்குக் கீழே.
வெளியேறும்போது நான் பார்த்தேன் என்று கையெழுத்திட வேண்டியவள் நான்.
பார்ப்பதற்குப் பயிற்சி தந்தார்கள்.
அவள் தோளின் மஞ்சள் காயத்தைப் பார்க்காமலிருக்கத் தரவில்லை.

அறுபது மில்லி. போதாது.
மூடி, முத்திரை வைத்து, மறுபடி காத்திருந்தோம்.

படிவம்: கடந்த ஏழு நாளில் எடுத்த மருந்துகள்.
வலி மாத்திரை ஒன்று. இரும்புச்சத்து.
பேனா நின்றது.
பிராந்திக் குப்பியில் ஏதோ, லேபிள் இல்லாமல், அரிசிப் பானைக்குப் பின்னால்.
"முளகுமூட்டு வர்ம ஆசான் தந்தது. தோளுக்காக்கும்."
"உள்ளே என்ன?"
"அத அவரு அவரு பெண்டாட்டிட்டயே சொல்லமாட்டாரு."
அப்புறம், தணிந்த குரலில்:
"எழுதணுமா எக்கா, எழுதாண்டாமா?"

உடம்பில் எது புகுந்தாலும் பொறுப்பு உடம்புக்குரியவளுக்கு.
நான் ஆலோசனை சொல்லக் கூடாது.
அந்த வரியை வாசித்துக் காட்டலாம்.
வாசித்தேன்.
அவள் கேட்காமலே இன்னொரு முறை வாசித்தேன், மெதுவாக.
எழுதினாள்:
கசாயம், பெயர் தெரியாது, காலையில் அரை அவுன்ஸ்.

"அவளுக்கும் இப்பிடி ஆளு போவுமா?"
எதிராளியைக் கேட்கிறாள். வேறு நாடு.
நாலு பெல்ட்டுக்கு நாலு சங்கம், நாலு சட்டம்.
யார் காசு தருகிறார்களோ அவர்கள் சொல்லும் வீட்டுக் கதவைத் தட்டுகிறோம்.
என் பையில் இருபத்திரண்டு படிவம்;
ஒன்றிலும் அந்தப் பெயர் இல்லை.
"தெரியாது" என்றேன்.
அவள் சிரித்தாள், பல்லுறை இல்லாத சிரிப்பு.
"சரி. எனக்கு அடி விழும்போ தெரியும்."

ஒன்பதே முக்காலுக்கு மிச்சம் வந்தது.
ஏ குப்பி, பி குப்பி.
மூடியைத் திருகும்போது டிக் டிக் என்று ஒரு சத்தம்,
அதற்குப் பிறகு உடைக்காமல் திறக்க முடியாது.
எண்ணை அவளே உரக்க வாசித்துச் சரிபார்த்தாள்.
கையெழுத்தின் கடைசி எழுத்து காகிதத்தைக் கிழித்தது.
வாசலில் இறங்கும்போது உள்ளே கயிறு தாண்டும் சத்தம்,
குடித்த தண்ணீரைத் திரும்ப விரட்டுகிறாள்.

நாகர்கோவில் பஸ்ஸில் குளிர்பெட்டி என் மடியில்.
மண்டைக்காடு தாண்டியதும் கண்டக்டர் குனிந்து முகர்ந்தார்.
"மீனா? மீன்னா கடைசி சீட்டுக்குப் போங்க."
"மீன் இல்ல."
"பின்னே?"
டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

முடிவு ஆய்வகத்திலிருந்து மேலே போகும்,
மேலேயிருந்து அவளுக்குப் போகும்.
எனக்கு வராது.
நாளைக்கு ஐந்து மணிக்குத் தக்கலையில் ஒரு வீடு.
பச்சைக் கதவாம்.