பனிக்கடியில் அரை ரொட்டி

துய்ஸ்குவை ரொவனியெமிக்குக் கொண்டுபோன நாளில்
ஹல்லாவை வண்டிக்குள் பூட்டிவிட்டுத்தான் போனேன்.
ஊசி போட்டு முடித்த டாக்டர்
கையுறையைக் கழற்றியபடி சொன்னார்:
இன்னொன்று இருக்கிறதென்றால் கூட்டி வாருங்கள்,
ஒருமுறை மோந்து பார்த்துக்கொள்ளட்டும்.
வேண்டாமென்றேன்.
அன்றைக்கு இன்னொரு முகத்தைப் பார்க்க
எனக்குத் தெம்பில்லை.

இரண்டு நாயோடு போன வண்டி
ஒரு நாயோடும் ஒரு கழுத்துப்பட்டையோடும் திரும்பியது.
எண்பது கிலோமீட்டரும் பின்சீட்டில்
அவன் இடத்தை விட்டுவிட்டு
ஓரமாகவே உட்கார்ந்து வந்தாள்.

பிறகு மூன்று வாரம்.
மதியம் இரண்டுக்கே இருட்டிவிடும் நவம்பர்.
ஏரிப் பக்கத்துக் கதவருகே போய் நிற்பாள்,
திறந்தால் வெளியே போகமாட்டாள்,
சாத்தினால் நகரமாட்டாள்.
கலைமான் ஈரலை வேகவைத்து வைத்தேன்.
சாவு வீட்டில் கை நனைக்காத சம்பந்திபோல
தட்டைத் தாண்டிப் போனாள்.
நானும் அந்த வாரங்களில்
காப்பியைத் தவிர என்ன சாப்பிட்டேனென்று
கேட்டால் சொல்லத் தெரியாது.

பைவிக்கி போன் செய்தாள்.
ருமேனியாவிலிருந்து வேன் வருகிறது,
ஒரே ஒரு பெட்டைக்கு இடமில்லை,
இரண்டு வாரத்துக்கு மட்டும், ஓர்வொக்கி.
பைவிக்கியின் இரண்டு வாரம் எவ்வளவு நீளமென்று
கெமியார்வியில் எல்லோருக்கும் தெரியும்.

மிரூனா.
ஒன்றரைக் காது.
படிக்கட்டு என்றால் என்னவென்று தெரியாது,
கண்ணாடிக்கு அந்தப்புறம் தெரிவது
இந்தப்புறம் இல்லையென்றும் தெரியாது.
முதல் சந்திப்பு வீட்டில் வேண்டாமென்று
மர ஆலைச் சாலைக்குப் போனோம்,
அது எந்த நாய்க்கும் சொந்தமில்லை.
அவள் அந்த ஓரம், நாங்கள் இந்த ஓரம்,
நடுவே பனிவாரி ஒதுக்கிவிட்டுப் போன
இடுப்பளவு மேடு.
ஒரு மணி நேரம் நடந்தோம்.
ஹல்லா முகம் கொடுக்கவில்லை.
உறுமியிருந்தாலாவது
எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.
ஒட்டுமில்லை உறவுமில்லை,
மேட்டுக்கு இரண்டு பக்கமும்
இரண்டு மூச்சுப் புகை மட்டும்.

வீட்டில் அவனுடையதையெல்லாம்
முன்பே எடுத்து வைத்திருந்தேன்,
சவுனா அறைப் பெஞ்சுக்கடியில் கிடந்த
போர்வை ஒன்றைத் தவிர.
அதை மிரூனா கண்டுபிடித்தாள்.
நாலு மூலையும் மோந்தாள், அவசரமில்லாமல்,
துட்டி கேட்க வந்த தூரத்து உறவுக்காரிபோல.
படுப்பாளோ என்று பதறிப் போனேன்.
படுக்கவில்லை. பின்வாங்கிக் கதவோரம் நின்றாள்.
அப்போதுதான் ஹல்லா உள்ளே வந்து
அதே நாலு மூலையையும்
அதே வரிசையில் மோந்தாள்.
அன்று டாக்டர் சொன்னதை நான் நினைத்துக்கொண்டேன்.
இரவு சவுனாவை மூட்டவில்லை.

தெருவில் வளர்ந்ததற்கு ஒரு வழக்கம் உண்டு.
கொடுத்ததில் பாதியைத் தின்பாள்,
மீதியைக் கவ்விப்போய்
பூர்ச்ச மரத்தடியில் பனியைத் தோண்டி வைப்பாள்.
மூக்காலேயே தள்ளி மூடுவாள்.
யாரும் எடுக்க மாட்டார்கள், இங்கே
பசி என்று யாருமில்லையென்று
எந்த மொழியில் அவளிடம் சொல்வது?

ஒன்பதாம் நாள் பல் துலக்கிக்கொண்டே
ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.
முற்றத்து விளக்கடியில் ஹல்லா
தோண்டிக்கொண்டிருந்தாள்.
உறைந்துபோன அரை ரை ரொட்டி.
முன்னங்கால்களுக்கு நடுவே இடுக்கிப் பிடித்து
கள்ளத்தனமாக, இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து,
கடக்கடக்கென்று, ஒரு துணுக்கு விடாமல்.
மூன்று வாரமாய் என் ஈரலைத் தீண்டாதவள்!

மிரூனா என் பக்கத்திலேயே
கண்ணாடியில் மூக்கை வைத்து நின்றிருந்தாள்.
குரைக்கவில்லை.
கண்ணாடியில் அவள் மூச்சு படர்ந்தது, நான் துடைத்தேன்,
மறுபடி படர்ந்தது.

மறுநாளும் அதே மரத்தடியில்தான் புதைத்தாள்.
இடத்தை மாற்றத் தெரியாதவளா
என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இன்னும் பக்கத்தில் படுப்பதில்லை.
பின்சீட்டு ஓரம் இன்னும் அவளுக்கு ஓரம்தான்.
பதினாலாம் நாள் பைவிக்கி கூப்பிட்டாள்,
என்ன சொல்கிறாய், கூட்டிப்போக வரட்டுமா என்று.
வா, என்றேன்,
வரும்போது ரை ரொட்டி வாங்கி வா,
இரண்டாக வாங்கு,
இங்கே தீர்ந்துவிட்டது.