காணும்

தடைக்காலம். படகெல்லாம் கரையில்.
அதனால்தான் மே மாதத்தில்
எனக்கு ஒரு முகூர்த்தமும் மிஞ்சுவதில்லை.
இரண்டு போன், மூன்று சிம், ஒரு முக்காலி, ஒரு சுருள் டேப்,
உச்சிப்புளியிலிருந்து ஆறரைக்கே
தங்கச்சிமடத்துக் கோயிலில் நின்றேன்.

மூன்று ஞாயிறு ஓலை வாசித்தாயிற்று,
ஆட்சேபம் சொல்ல யாரும் எழவில்லை.
இன்று ஆட்சேபம் காற்றுக்குத்தான்.
கச்சான் முக்காலியைத் தள்ளுகிறது,
மைக்குக்குள் புகுந்து
ஃபாதருக்கு முன்னால் பிரசங்கம் வைக்கிறது.
கைக்குட்டையைக் கிழித்து அதன் வாயைக் கட்டினேன்.

கண் படத்துக்குப் பக்கத்தில் எண் ஏறுகிறது.
ஆறு. பதினொன்று. முப்பத்தெட்டு.
பஹ்ரைனில் மீன்படகுக்குப் போன அண்ணன் கிங்ஸ்லி
"ஹலோ ஹலோ" என்றே எழுதுகிறான்.
டொராண்டோவில் நேற்றைய இரவு இன்னும் முடியவில்லை,
அங்கே ஒரு சித்தப்பாவுக்கு
ஷெர்லினைவிட என் ஆங்கிளைப் பற்றித்தான் கவலை.
டிலக்‌ஷன் என்ற பெயரில் ஒருவர்
பூ, பூ, பூ,
வேறொன்றும் அனுப்பவில்லை.

"அது பேசாலையில என் அக்கா, ஞானப்பூ.
போன் பேரனுக்குள்ளது"
என்றார் தோளுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் தாய் பிலோமி.

பேசாலை.
மதுரையைவிடக் கிட்ட.
சில இரவுகளில் என் போன்
இங்குள்ள டவரை விட்டுவிட்டு அந்தக் கரை டவரைப் பிடித்துக்கொண்டு
இலங்கைக்கு நல்வரவு என்று காசு பிடுங்கும்.
இங்கே நடப்பது பஹ்ரைனில் தெரிய இருபது விநாடி,
டொராண்டோவில் இருபது,
பேசாலைக்கும் அதே இருபது.
எந்தெந்த ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறதோ படம்.

தொண்ணூறில் ஒரே படகில் வந்தார்களாம்.
மண்டபம் முகாமில் பக்கத்துப் பக்கத்து அறை.
ஒருத்தி இங்கே வாழ்க்கைப்பட்டு நின்றாள்,
ஒருத்தி திரும்பிப் போனாள்.
பிலோமி இதைச் சொன்னது தாலி மந்திரிக்கும்போது,
என் மைக்குக்கு ஒரு சாண் தள்ளி.
முப்பத்தெட்டுப் பேரும் கேட்டிருப்பார்கள்.

மூன்று முடிச்சு. கைதட்டல். கீபோர்டு.
நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்,
பதினெட்டு, பத்தொன்பது,
அக்கரையில் இப்போதுதான் தாலி ஏறியது.
பூ வந்தது.
பூவுக்குப் பின்னால் முதல்முறையாக எழுத்து:
"தம்பி, வாசலுக்கால தெரியிறது கடலோ?
ஒருக்கா அந்தப் பக்கம் காட்டுங்கோவன்."

மணமக்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் நேரம்.
கூலி பேசியபோதே அந்தக் கையெழுத்தைச் சொல்லித்தான் பேசினார்கள்.
திருப்பிவிட்டேன்.

வரிசையாய்க் கட்டிய விசைப்படகுகள்.
நீல வலைமேல் படுத்திருக்கும் நாய்.
அதற்கப்பால்
வெயில் தின்று வெள்ளையாக்கிய தண்ணீர்.

"பொண்ணு எங்கப்பா?" டொராண்டோ.
"ஹலோ," பஹ்ரைன்.
முப்பத்தெட்டு, முப்பத்தொன்றானது.

பிறகு டிலக்‌ஷன்:
"காணும்."

காணோம் என்று எழுத வந்து எழுத்துப் பிசகிவிட்டதா?
தெரிகிறது என்கிறாரா?
இரண்டுக்கும் ஒரே மருந்துதான் எனக்குத் தெரியும்.
ஜூம் செய்தேன், படகுகளைத் தாண்டி,
நாயும் வலையும் கழன்று விழ,
வானம் தொடங்கும் கோடு வரைக்கும்.
"காணும் தம்பி, காணும்."
இன்னும் கொஞ்சம் போனேன்.

பந்தியில் கோழி பிரியாணி.
தடைக்காலத்தில் கடற்கரைக் கல்யாணத்துக்கும் கோழிதான்.
என் இலையில் இன்னொரு துண்டு வைத்துக்கொண்டே
பிலோமி சொன்னார்:
எங்கட பக்கத்தில காணும் எண்டா
போதும் எண்டு அர்த்தம்.

கையெழுத்து விழாததற்கு
மாப்பிள்ளையின் மாமா ஐநூறு பிடித்துக்கொண்டார்.
நியாயம்தான்.
பதிவில் அது நாலு நிமிடம் பதினோரு விநாடி வருகிறது,
ஆளில்லாத தண்ணீரும் கச்சானின் இரைச்சலும்.
வெட்டிவிட்டு அனுப்பச் சொல்லி
மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார்கள்.