பின்தொடர்வில் தவறியோர்

மல்லாவி ஆஸ்பத்திரியில்
எக்ஸ்ரே அறைக்கு அடுத்த அறை எனக்கு.
ஒரு மேசை, ஒரு மடிக்கணினி,
சுற்றாத காற்றாடி,
இருநூற்று முப்பத்தொரு படிவங்கள்.

ஆய்வின் தலைப்பு நீளம்:
உடலில் எஞ்சிய உலோகத் துண்டுகளும்
குருதியில் ஈயத்தின் அளவும்.
நான் அதை இப்படித்தான் கேட்பேன்:
"உள்ளுக்குப் பீஸ் கிடக்கோ?"
"ஓம்."
"எத்தினை?"
சிலர் விரல் மடித்து எண்ணினார்கள்.
ஒருவர் எண்ணிக்கொண்டே வந்து
முழங்காலில் நின்று,
"இது சேர்த்தியில்லை, இது கல்லு" என்றார்.

ஏழாம் கேள்வி.
வலியைப் பூச்சியத்துக்கும் பத்துக்கும் இடையில் சொல்லவும்.
புஸ்பலோசினி யோசித்தாள்.
"மாரியிலையோ, கோடையிலையோ?"
மாரிக்குக் கட்டம் இல்லை.
ஐந்து என்று போட்டேன்.
அது என்னுடைய ஐந்து.

அவளுடைய படத்தை
வெளிச்சப் பெட்டியில் செருகினோம்.
இடது தோளுக்குக் கீழே அரிசியளவில் ஒன்று,
முள்ளந்தண்டோடு ஒட்டி
பயற்றங்கொட்டை அளவில் இன்னொன்று.
சத்திரசிகிச்சை நிபுணர் பேனா முனையை
அதைச் சுற்றிக் கொண்டுபோனார், தொடவில்லை.
"எடுக்கிறதுதான் ஆபத்து. கிடக்கட்டும்."
"கிடக்கட்டும் எண்டால்
எவ்வளவு காலத்துக்கு, டொக்டர்?"
அவர் அடுத்த படத்தை எடுத்தார்.

அதே துண்டுகளைப் பற்றி
வேறொரு துறையினரும் எழுதிக் கேட்டிருந்தார்கள்.
எங்கோ குளிர்நாட்டில்
சர்வதேசப் பாதுகாப்புக் கற்கை.
எந்த உலோகம், விளிம்பு எப்படிக் கிழிந்திருக்கிறது,
எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கலாம்.
எங்கள் அட்டவணையில் அது ஈயம்,
அவர்களுடையதில் வீச்சு.
அவள் இடப்பக்கம் சரிந்து படுப்பதில்லை என்பது
இரண்டிலும் வரவில்லை.

மூன்றாம் சந்திப்புக்கு
மாசியில் ஒரு திகதி குறித்துக் கொடுத்தேன்.
தையிலேயே வந்துவிட்டாள்,
இரத்தம் கொடுக்க அல்ல, கடிதம் கேட்டு.
குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள்.
கட்டுநாயக்காவில் கருவி வைத்துத் தடவுவார்களாம்.
"முந்தி ஓமந்தையில கத்தினது.
என்ன எண்டு எடுத்துக் காட்டட்டாம்.
எப்பிடி எடுத்துக் காட்டுறது?"

டொக்டர் சொல்லச் சொல்லத் தட்டினேன்.
இவரது உடலில் இரண்டு உலோகத் துண்டுகள் உள்ளன.
அகற்றப்படவில்லை.
இவற்றால் பிறருக்கு ஆபத்தில்லை.
கடைசி வரியைத் தமிழில்
இரண்டு தரம் சொல்லவைத்தாள்.
பிறருக்கு ஆபத்தில்லை.
பிறகு கடிதத்தைப் பொலித்தீனில் சுற்றி
பாஸ்போட்டோடு சேர்த்து
ரப்பர் வளையம் போட்டாள்.

கட்டுரை வைகாசியில் வந்தது.
நன்றியுரையில் என் பெயர், ஓரெழுத்துப் பிழையாக.
இரண்டாம் அட்டவணைக்குக் கீழே
கண்ணைச் சுருக்கி வாசிக்கும் எழுத்தில்:
பின்தொடர்வில் தவறியோர் பத்தொன்பது.

பத்தொன்பது பேரையும் எனக்குத் தெரியும்.
ஒருவருக்கு அன்று கச்சான் பிடுங்கு,
துணுக்காய் பஸ்ஸும் ஓடவில்லை.
ஒருவர் மறுபடியும் கையெழுத்தா என்று
கேற்றடியோடு திரும்பிவிட்டார்.
இரண்டு பேர் செத்துப்போனார்கள், வேறு வருத்தம்.
ஒருவருடைய போன் நம்பரில்
இப்போது யாரோ சிங்களத்தில் கதைக்கிறார்கள்.

ஆடியில் ஒரு குரல் பதிவு வந்தது,
பின்னால் பாத்திரம் உருளும் சத்தத்தோடு.
"இஞ்ச மாரி இல்லை அக்கா.
ஏசிக்குத்தான் நோகுது.
அந்தக் கேள்விக்கு
ஆறு எண்டு போட்டுவிடுங்கோ."

தரவுக் கோப்பைப் பூட்டி மூன்று மாதம்.
கடதாசிப் படிவம் மட்டும் அலுமாரியில் இருந்தது.
ஐந்தை வெட்டினேன்.
பென்சில் கூர் இல்லாமல்
ஆறு கொஞ்சம் தடித்துவிட்டது.