ஊசி கழற்றிய சிரிஞ்சு

வாழப்பாடியில் ஏறி, சேலத்தில் பஸ் மாறி
இருபது கொண்டையூசி வளைவும் வயிற்றைப் புரட்ட
வந்து நிற்கிறார் தீர்த்தகிரி.
கையில் ஒரு மிளகாய்ச் செடி,
வேரோடு, ஈரத்துணி சுற்றி,
ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்ததுபோல.

"மழை வுட்ட மூணாம் நாளுங்க.
இலையில எண்ணெய் சொட்டுன மாதிரி புள்ளி.
அப்புறம் எல்லாம் கொட்டிப்போச்சு."

உள்ளே கூட்டிப்போகிறேன்.
ஏற்காட்டுப் பனி பாலித்தீன் கூரையில் வழிகிறது.
முந்தாநாள்
ஊசி கழற்றிய சிரிஞ்சின் வாயை இலையடியில் அழுத்தி
உங்கள் காட்டுக் கிருமியைத்தான் புகட்டினேன் என்கிறேன்.
புகட்டிய இடங்களைச் சுற்றி மார்க்கரில் கறுப்பு வட்டம்.
இடது வரிசை நீங்கள் நடுகிற ரகம்.
வலது வரிசை புதுசு.

என் சிரிஞ்சில் ஊசி இல்லை.
அதனிடம் இருக்கிறது.

மழைத்துளியில் மிதந்து
இலை மூச்சுவிடத் திறந்த வாயில் நுழைகிறது.
வாலின் ஒரு துணுக்கு உரசினாலே
செடிக்குத் தெரிந்துவிடும்:
வாய் மூடும், சுவர் தடிக்கும்.
அது சுவரை இடிப்பதில்லை.
சாய்ந்து நின்று, தன் உடம்பிலிருந்தே
ஓர் ஊசியை வளர்க்கிறது.
ஊசி வழியே போகிறவற்றில் ஒன்று
படிக்கத் தெரிந்த புரதம்.

நான்கே எழுத்துள்ள ஏட்டில்
மடிப்புக்கு ஓர் எழுத்தாய்த் தடவித் தடவிப் போய்
தனக்கு வேண்டிய சொல் வந்ததும்
அங்கேயே உட்கார்ந்து
தொடங்கு என்கிறது.
செடியும் தொடங்குகிறது,
தானே இட்ட கட்டளை என்று நம்பி.
அறைகள் உப்பும். கசியும்.
விருந்து.

வலது வரிசைச் செடிக்கோ
என்றைக்கோ, யாரும் பார்க்காதபோது
எழுதுவதில் ஒரு பிசகு:
அதே சொல்
வேறொரு கட்டளையின் வாசலிலும்
ஒட்டிக்கொண்டது.
அந்தக் கட்டளைக்குச் செத்துப்போ என்று பொருள்.
படித்துக்கொண்டே வருகிற புரதம்
அதையும் திறந்துவிடுகிறது.

தீர்த்தகிரி குனிந்து பார்க்கிறார்.
இடது வட்டத்துள் பச்சை, ஈரப் பளபளப்பு.
வலது வட்டத்துள் அப்பளம்போல் காய்ந்த பழுப்பு.
"ஏம்மா, இதுதான செத்துக் கெடக்குது?"
ஆமாம் என்கிறேன்,
செத்த அறையில் கிருமிக்குச் சோறில்லை,
வட்டத்துக்கு வெளியே பாருங்கள்.

பார்க்கிறார். வெகுநேரம்.
பிறகு, என்னிடம் இல்லை, இலையிடம்:
"கரும்புல தீப்பிடிச்சுதுங்க ஒரு மாசி மாசம்.
காத்து எங்க பக்கம்.
நடுவுல ஒரு காணியை நாங்களே கொளுத்தி வுட்டோம்,
தீ அதத் தாண்டல.
எட்டு ஏக்கர் நின்னுச்சு.
கொளுத்துன காணி எங்க அண்ணி மாதம்மாளோடது.
கேக்கல. கேக்க எங்க நேரம்?
இன்னிக்கும் எங்க வூட்டுல தண்ணி வாங்கிக் குடிக்காது."

பதிவேட்டைத் திறந்து எழுதுகிறேன்.
வலது வரிசை: பன்னிரண்டில் பதினொன்று.
எதிர்ப்பு உண்டு.
அந்தப் பன்னிரண்டாவது
ஏன் பச்சையாய் இருக்கிறது என்று
நாளைக்குப் பார்க்க வேண்டும்.
ஒரு மடிப்பை உதிர்த்துவிட்டு
வேறு மாதிரிப் படிக்கக் கற்றிருக்கும் ஏதோ ஒன்று.
அல்லது என் கை சரியாக அழுத்தவில்லை.

விதை எப்போ கிடைக்கும் என்கிறார்.
மூன்று பட்டம் போகட்டும் என்கிறேன்.
அதற்குள் நாலு பேரிடம் வட்டி கட்டியிருப்பார்.

"அந்த இலைய ஒண்ணு குடுங்க,
அண்ணிக்குக் காட்டணும்."

கொடுக்க முடியாது.
புகட்டிய இலை வெளியே போகக் கூடாது;
அவர் கொண்டுவந்த செடியும் இனி திரும்பாது,
இரண்டும் நீராவிப் பானையில் வேகும்.

செல்போனை எடுக்கிறார்.
பனி இறங்கி வெளிச்சம் போதவில்லை.
வட்டத்தின் பாதிமேல் அவர் கட்டைவிரல் நிழல்.
இன்னொன்று எடுங்கள் என்கிறேன்.
"போதுங்க, புரிஞ்சுக்கும்" என்று
கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிறார்.