என் பெயரில் உள்ள க

பாஸ்போர்ட்டில் என் பெயருக்கு நடுவே எச்.
பட்டயச் சான்றிதழில் அதே இடத்தில் ஜி.
மதிப்பெண் பட்டியலில் சகாயம் வேறாக, ராணி வேறாக,
இடையில் யாரோ நடந்துபோகலாம் போல ஓர் இடைவெளி.
அப்பா ஓரெழுத்தாகச் சுருங்கி
ஒரு தாளில் எனக்கு முன்னால் நிற்கிறார்,
இன்னொன்றில் பின்னால் வருகிறார்.

தமிழில் ஒரே க.
எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன்.
மதிப்பீட்டு அலுவலகத்துக்கு அது இரண்டு பெண்கள்.
"இருவரும் ஒருவரே என்பதற்கு ஆதாரம் அனுப்புக."

பாடத்தை மணிக்கணக்கில் கேட்கிறார்கள்.
ஒட்டுண்ணியியல், செய்முறை: எத்தனை மணி?
பாளையங்கோட்டையில் ஆறு பேருக்கு ஒரு நுண்ணோக்கி.
கொக்கிப்புழு முட்டையைப் பார்க்க
வரிசையில் நின்ற நேரம் படிப்பா, காத்திருப்பா?
மின்சாரம் போன மதியங்களில்
கருவியை ஜன்னலோரம் நகர்த்தி
அடிக்கண்ணாடியைத் திருப்பி
வெயிலை உள்ளே விட்டுப் பார்த்தோமே,
அதை எந்தக் கட்டத்தில் நிரப்ப?

கல்லூரி எழுத்தர் தவசிமுத்து போனில் சொன்னார்:
"ஒட்டி, ஒட்டின எடத்துல முத்திரை குத்தி
போன மாசமே அனுப்பியாச்சும்மா."
இங்கிருந்து பதில்:
உறை கிடைத்தது. ஒட்டு பிரிந்திருந்தது. ஏற்க இயலாது.
மறுபடி கட்டணம், மறுபடி உறை.
செல்வின் ஒன்றும் சொல்லவில்லை.
துவாஸிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றும்போது
கயிறு அறுந்தது.
அதை மட்டும் ரொம்ப நேரம் திட்டினார்.

பக்கத்து மேசை டின் மார்
மாண்டலேயில் பதினோரு வருடம் நுண்ணுயிர்ப் பிரிவில் இருந்தவள்.
அவள் கல்லூரியில் போனை எடுக்க ஆளில்லை.
"உனக்குப் பெயர்தானே தகராறு," என்றாள்,
"எனக்குக் கட்டடமே இல்லை."
இருவரும் குழாய்களுக்குப் பட்டைக்குறி ஒட்டுகிறோம்.
பதவி, ஆய்வக உதவியாளர்.
ஸ்லைடைத் தொடலாம்.
லென்ஸில் கண் வைக்கக் கூடாது.

நேற்றிரவு மூன்று இருபதுக்கு
ஏழாம் வார்டிலிருந்து இரத்த வங்கிக்கு ஒரு குழாய்.
சீட்டில் லிம் ஹுவே செங்.
குழாயில் லிம் ஹுய் செங்.
தாதி போனில் கெஞ்சினாள்:
அதே ஆள்தான், ஓர் எழுத்துதான்,
நரம்பு கிடைக்கவே அரைமணி நேரம் ஆச்சு.

ஓர் எழுத்து எவ்வளவு என்று
எனக்கா தெரியாது?

ஆனால் ஓர் ஆடி மாதம்
அடுத்தடுத்த கட்டிலில் இரண்டு சுடலைமுத்து.
ஒருவருக்கு வந்த பை மற்றவருக்கு ஏறியது.
சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இறங்கிய அந்தக் காலை
என் மதிப்பெண் பட்டியலில் இல்லை.
நான் படித்ததில் பாதி அங்கேதான்.

நிராகரிப்புத் தட்டில் வைத்தேன்.
காரணம்: பெயர் பொருந்தவில்லை.
கீழே கையெழுத்துப் போட வேண்டும்.
எச்சா, ஜியா என்று
பேனா கொஞ்சம் நின்றது.

நான்கு பத்துக்குத் திரும்பி வந்தது,
உடம்புச் சூடு இன்னும் ஆறாமல்.
அதே நரம்பு, அதே இரத்தம்,
எழுத்து மட்டும் சரி.
இப்போது செல்லும்.

சுழற்சி இயந்திரத்தில் இறக்கினேன்.
எதிர்த்துளைக்கு ஜோடி இல்லை.
சமனுக்கு ஒரு தண்ணீர்க் குழாய்,
அதே எடை, பெயர்ச்சீட்டு கிடையாது.
மூடியதும்
எது எது என்று தெரியாத வேகத்தில் சுற்றின.

முதல் ரயிலில் யீஷூன் போய்க் குளித்துவிட்டு
பத்து மணிக்குச் சத்தியப் பிரமாண ஆணையரைப் பார்க்க வேண்டும்,
இரண்டு சகாயராணிகளையும் கூட்டிக்கொண்டு.
கட்டணம் ஒருவருக்கா, இருவருக்கா,
கேட்க மறந்துவிட்டேன்.