‘பே’ என்ற எழுத்து

அப்பளக் கூடத்து மொட்டைமாடியில்
பெருங்காய வாசனை இன்னும் போகவில்லை.
உளுந்து மூட்டை மேல் பலகை,
பலகை மேல் பிவிசி குழாய்,
குழாய் முனையில் லென்ஸ்,
அதன் அடியில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கண்.
ஆறு கேபிளை அறுத்துக்கொண்டு போய் மூன்று நாள்.
கல்லிடைக்குறிச்சியில் எந்த டவருக்கும் உயிரில்லை.

அக்கரையில், அம்பாசமுத்திரத்து முகாம் மாடியில்
ஆவுடைச்செல்வி ஏற்றிய விளக்கு தெரிகிறது.
வெள்ளையாய், ஆடாமல், சிமிட்டாமல்.
“சும்மா எரியுதுல்லா, இதுலயா சேதி வருது?”
என்கிறார் படியேறி வந்த நயினார்.
சும்மா எரியவில்லை அண்ணாச்சி.
நொடிக்கு ஆயிரம் தடவை செத்துப் பிழைக்கிறது.
நம் கண்தான் கவனிப்பதில்லை.

இது வெள்ளத்துக்காகச் செய்த சாமான் இல்லை.
ஆய்வகத்தில் ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்கு
ஒரு பூனைப் படத்தை அனுப்பிக் காட்டி
மார்க் வாங்கிய பிறகு பீரோவில் போட்டது.
அப்போது தூரம் நாலு மீட்டர்.
இப்போது நடுவில் தாமிரபரணி,
மரம், மாட்டுத்தொட்டி, யார் வீட்டுக் கதவோ
எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு.
தூரம் கூடினால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.
குறைத்தோம்.
ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை அனுப்பு என்று
பாலம் போவதற்கு முன்பே பேசி வைத்திருந்தோம்.

பெயர்கள் வந்தன.
சண்முகவடிவு, அறுபத்தொன்று.
மைதீன் பாத்து, கைக்குழந்தையுடன்.
ஒவ்வொன்றையும் நான் உரக்க வாசிக்க
கீழே தெருவில் யாரோ அழுதார்கள், யாரோ சிரித்தார்கள்,
தளவாய் மட்டும் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றார்.
பெண்டாட்டி சந்தைக்குப் போனவள்.
பேச்சியம்மாள்.
செவ்வாய்க்கிழமை, காலை வண்டிக்கு.

தொண்ணூற்றேழாவது பெயர்:
‘பே’
அதற்குப் பிறகு குப்பை.
இரண்டாம் முறையும் ‘பே’, குப்பை.
மூன்றாம் முறை அதுவும் இல்லை.
கூட்டுத்தொகை ஒத்துவரவில்லை என்று திரை சொன்னது.
“பே-ன்னா?” என்றார் தளவாய்.
ப-வுக்கு இருபத்துநாலு துடிப்பு,
முன்னால் நிற்கும் இரட்டைச் சுழிக்கு இருபத்துநாலு,
நாற்பத்தெட்டும் ஆற்றைத் தாண்டிவிட்டது.
அதற்குமேல் எனக்குத் தெரியாது.

பேட்டரி போயிருக்கும் என்றேன்.
மேகம் இறங்கியிருக்கும் என்றார் நயினார்.
அப்போதுதான் என் கழுத்தில் ஒன்று விழுந்து ஊர்ந்தது.
ஈசல்.
ஐப்பசி மழை விட்டதும்
புற்றெல்லாம் வாய் திறந்திருக்கிறது.
எங்கள் திரையின் சொற்ப வெளிச்சத்துக்கே இத்தனை என்றால்
அந்த விளக்கின் முகத்தில் எத்தனை!
ஒவ்வொரு சிறகடிப்பும்
யாரோ ஒருவரின் பெயரில் ஓர் எழுத்தை மறைத்துக்கொண்டு.

கத்தினால் கேட்காது.
மூன்று முறை டார்ச் அடித்தேன், மறுபடி அனுப்பு என்று.
அவளும் அனுப்பித்தான் பார்த்தாள்.
விளக்கு மங்கி, தெளிந்து, மங்கியது.
பிறகு, விளக்குக்கு வெகுதூரம் இடப்பக்கம்,
தரையோடு தரையாக
மஞ்சளாய் ஒன்று பற்றி எரிந்தது.
கல்யாண வீட்டு ஹாலோஜன். ஜெனரேட்டர் தயவு.
நொடிக்கு நூறு தடவை நடுங்கும் அசட்டு வெளிச்சம்,
ஒரு சொல்லும் அதில் இல்லை.
அதை வடிகட்ட எங்களுக்குத் தெரியும்.
ஈசலுக்குத் தெரியாது.
கெட்டிக்காரி, என்றேன்.
யாரும் பதில் சொல்லவில்லை.

ஐந்து நிமிடம் இருக்கும்.
நாற்பத்தெட்டுத் துடிப்பு, அதன் பின்னால் மிச்சமும்.
வாசித்தேன்:
பேச்சிராஜன், வயது ஒன்பது, இடது கையில் கட்டு.

கீழே ஒரு பெண் செருப்பைக்கூட விட்டுவிட்டு
ஆற்றங்கரைக்கு ஓடினாள்,
அங்கே போய் என்ன செய்வாள் என்று யாரும் தடுக்கவில்லை.

தளவாய் சட்டையிலிருந்த ஒற்றைச் சிறகைத் தட்டிவிட்டார்.
“நல்லாருக்கட்டும்.
அடுத்ததை வாசிடே.”