செவ்வாய்க்கிழமை மஞ்சள்

செவ்வாய் காலை பத்து மணிக்கு
சாப்பாட்டு மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு
பழைய குளியலறைத் திரையைத் தரையில் விரிக்கிறோம்.
பிள்ளைகளுக்கு டயப்பர் மட்டும்.
புவெனஸ் அயர்ஸில் இறங்கும் விமானங்கள்
எங்கள் கூரையை உரசுவதுபோல் போகின்றன.
ஒவ்வொன்றுக்கும் ஒன்பது தலைகள் நிமிர்கின்றன.

கடைச்சாயம் வெளிவாசலோடு நின்றுவிட்டது.
தகர டப்பா, விளிம்பு கூர் என்றார்கள்.
அதனால் சோளமாவைக் கூழாகக் காய்ச்சுகிறோம்.
பீட்ரூட் ஒரு கிண்ணம்.
பரங்கிக்காய் மசியல் ஒரு கிண்ணம்.
குடித்துச் சலித்த மாத்தே இலையில்
குட்டைப் பாசி நிறத்தில் ஒன்று.
கரண்டி ஒன்றே ஒன்று.
எண்ணித் தருவார்கள். எண்ணி வாங்குவார்கள்.
ஒன்றை எப்படி எண்ணுவது என்று
இங்கு வந்துதான் தெரிந்துகொண்டேன்.

லௌதாரோவுக்கு ஒரு வயது மூன்று மாதம்.
முதல் வாரம் கூழைத் தொட்டான்,
விரல்களை விரித்து
யாருடைய கை இது என்பதுபோல் பார்த்து
உதட்டைப் பிதுக்கினான்.
இரண்டாம் வாரம் தின்றான்.
மூன்றாம் வாரமும் தின்றான்;
மறுநாள் டயப்பரில் கண்காட்சி.
எஸ்டெலாவின் இரட்டையர்
ஒருவன் தலையை மற்றவன் மெழுகுவான்.
மில்டிரெத்தின் மகள் ஒரு விரல், ஒரு புள்ளி,
போதும் என்று எழுந்து போய்விடுவாள்.
அவளுக்கு விமர்சகர் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

கறுப்பு மட்டும் காய்ச்சுவதில்லை.
யாரும் தடுக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

நான் உள்ளே வந்த இரவு
ஒருவர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து
மையில் தோய்த்து, கட்டத்துக்குள் உருட்டினார்,
நகத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை.
"கையைத் தளர்த்து. நீ அழுத்தாதே.
நான் பார்த்துக்கொள்கிறேன்."
பத்து விரல், பத்துக் கட்டம்.
அப்போது எனக்கு ஏழு மாதம்.
உள்ளே இருந்தவனுக்கும் ரேகைகள் ஓடி முடிந்திருக்கும்.
அவனை யாரும் உருட்டவில்லை.

அதனால்தான் அவன் கையை நான் பிடிப்பதில்லை.
இங்கே வை, அங்கே இழு என்பதில்லை.
தாள் எங்கே முடிகிறது என்று அவனுக்குத் தெரியாது.
தாளைத் தாண்டித் திரை, திரையைத் தாண்டித் தரை,
மேசைக்கால், என் முழங்கால், கழுத்து,
கதவருகே நின்ற காவலர் பிரீத்தெஸின்
கஞ்சி போட்ட கால்சட்டை.

அதைப் பிடித்துத்தான் எழுந்து நின்றான்.
சாம்பல் துணியில் ஐந்து மஞ்சள் விரல்.

ஒரு விமானம் போய் முடியும்வரை
யாரும் மூச்சுவிடவில்லை.
பிரீத்தெஸ் படிவத்தை எடுத்து
உரக்கப் படித்தபடியே எழுதினாள்:
நேரம் பத்து நாற்பது. சீருடையில் கறை.
பொருள் பரங்கிக்காய். செய்தவர் வயது ஒன்றேகால்.
"கையெழுத்துப் போடத் தெரியுமா, பெரியவரே?"
குனிந்து படிவத்தை அவன்முன் நீட்டினாள்.

கூடமே சிரித்தது. எஸ்டெலாவுக்குக் கண்ணில் நீர்.
கை தூக்கினான்.
கட்டங்கள் போட்ட வெள்ளைத் தாள் அது.
என்னையறியாமல் பாய்ந்து
அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்,
இறுக்கமாக,
எப்படிப் பிடிக்க வேண்டுமென்று
எனக்குக் கற்றுத்தந்திருந்தார்கள்.

அவன் வீறிட்டான்.
சிரிப்பு ஒவ்வொரு மேசையாக அணைந்தது.
பிரீத்தெஸ் என்னைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள்,
நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு
"கரண்டி," என்றாள்.
கொடுத்தேன்.
"ஒன்று," என்றாள்.

திரையைக் கழுவினோம். கூழ் காய்ந்தால் எளிதில் போகாது.
நான்கு வயது வரைதான் அவன் இங்கே;
அந்தக் கணக்கைச் செவ்வாய்க்கிழமைகளாகப் போட்டு
பாதியில் விட்டுவிட்டேன்.

இரவில் அவன் தூக்கத்தில் கை திறந்து கிடந்தது.
நக இடுக்கில் மஞ்சள்.
நகவெட்டியும் எண்ணித் தருவதுதான், நாளைக்கு என் முறை.
கேட்கப் போவதில்லை.